பூச்சு வேலைக்கு முன்னாடி செங்கல் சுவரை கிட்டப் போய் பாத்துருங்க

வீடு கட்டிட்டு இருக்கவங்க யாராவது இத படிச்சா, இன்னும் பூச்சு வேலை ஆரம்பிக்கலன்னா, டைல்ஸ் பாக்கறது பெயிண்ட் கலர் பாக்கறது எல்லாம் அப்புறம் வச்சுக்கோங்க, மொதல்ல சைட்டுக்குப் போய் சுவரை பாருங்க. வாசல்ல நின்னு பாத்துட்டு வர்றது இல்ல, கிட்டப் போய், கை வச்சு, செங்கலும் செங்கலும் சேர்ற ஒவ்வொரு ஜாயிண்ட்டா பாருங்க. ஏன்னா பூச்சு பூசிட்டா நல்லா கட்டின சுவரும் மோசமா கட்டின சுவரும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிய வர்றப்போ நாம குடி வந்திருப்போம், நாலு மழை பேஞ்சிருக்கும், உள்பக்கம் ஈரம் ஊறி பெயிண்ட் உப்பிட்டு வரும், இல்லன்னா ஜன்னல் மூலைல இருந்து கோணலா ஒரு விரிசல் கெளம்பி மேல ஏறும். அப்போ யாரை கூப்பிட்டாலும் புட்டி வச்சு அடைச்சிரலாம்ங்கற பதில்தான் வரும்.

எங்க வீட்டுல அஸ்திவாரம், பில்லர், பெல்ட் எல்லாம் ஒழுங்காதான் வந்துச்சு. கட்டுவேலையும் ஆரம்பத்துல நல்லாதான் போச்சு, முன்பக்க சுவரெல்லாம் பாக்கவே அழகா இருக்கும், நூல் புடிச்ச மாதிரி வரி வரியா. அப்புறம் அந்த கொத்தனார் டீம் வேற வேலைக்குப் போயிட்டாங்க, அதே காண்ட்ராக்டர் வேற ஆளுங்கள கொண்டு வந்து விட்டாரு. பின்பக்க ரூம் சுவர் ரெண்டும் அவங்க கட்டினது. ஒரு சாயங்காலம் போறேன், வெயில் சாஞ்சு அந்த சுவர் மேல விழுது, உள்ள இருந்து பாத்தா செங்கலுக்கு நடுவுல பொட்டு பொட்டா வெளிச்சம் தெரியுது. ஒரு இடத்துல ரெண்டு இடத்துல இல்ல, சுவர் முழுக்க.

அது என்னன்னு கேட்டதுக்கு மேஸ்திரி சொன்ன பதில், "நீங்க கவலையே படாதீங்க மேடம், பூச்சுல எல்லாம் மூடிரும்."

இந்த வார்த்தைய எந்த சைட்டுலயும் கேக்கலாம், ஆளுதான் மாறும். சாய்ஞ்ச சுவருக்கும் இதே பதில், கோணல் மூலைக்கும் இதே பதில், காலியா கெடக்கற ஜாயிண்ட்டுக்கும் இதே பதில். நான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்ததுக்கு காரணமே இந்த பதில்தான், இத யாரும் ஏத்துக்கக் கூடாது. பூச்சுங்கறது சுவருக்கு மேல போடற ஒரு தோல், உள்பக்கம் சுமாரா 12 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 20 மில்லிமீட்டர், அவ்வளவுதான் அதோட கனம். சுவர் செய்ய வேண்டிய வேலைய அதால செய்ய முடியாது.

சரி அந்த வெளிச்சம் தெரியற விஷயத்துக்கே வரேன். செங்கல் வைக்கும்போது கீழ கலவை போட்டு அதுமேல கல்ல வைப்பாங்க, அதனால படுக்கை ஜாயிண்ட் எப்படியும் ஓரளவு நெறைஞ்சிரும், கல்லோட எடையே அத அமுக்கிரும். நிக்கற ஜாயிண்ட் அப்படி இல்ல. பக்கத்து கல்லோட சேர்ற தலைப்பக்கத்துல கலவைய தடவி, கல்ல தள்ளி ஒட்ட வைக்கணும். இதுக்கு ஒரு கை வேலை ஜாஸ்தி. சதுர அடி கணக்குல வேலை எடுத்தவங்க வேகமா போகணும்னு அந்த ஒரு கைய விட்டுர்றாங்க, கல்ல வரிசையா அடுக்கிட்டு மேல இருந்து கரண்டியால கொஞ்சம் கலவைய வெளி ஓரத்துல தேச்சு விட்டுர்றாங்க, வெளிய இருந்து பாத்தா நெறைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள காலி. மழைத்தண்ணி பூச்சுல இருக்கற மயிரிழை விரிசல் வழியா உள்ள வந்துச்சுன்னா இந்த காலி இடம்தான் அதுக்கு பாதை, ஒரு ரூம்ல பேசறது அடுத்த ரூம்ல கேக்கறதுக்கும் இது ஒரு காரணம். செங்கல்ல ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் பாத்தீங்களா, கம்பெனி எழுத்து போட்டிருப்பாங்க, அந்த பள்ளம் மேல பாத்துதான் இருக்கணும், அப்போதான் மேல் வரி கலவை அதுக்குள்ள போய் புடிக்கும். கவுத்து வச்சா ஒவ்வொரு கல்லுக்கு அடியிலயும் ஒரு காலி இடம்.

இத சோதிக்க பெரிய கருவி ஒண்ணும் வேணாம், இருட்டின பிறகு ஒருத்தர் சுவருக்கு அந்தப் பக்கம் நல்ல வெளிச்சம் வர்ற டார்ச்ச புடிச்சு மெதுவா நகர்த்தட்டும், நீங்க இந்தப் பக்கம் நின்னு தெரியற இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. நாலரை இஞ்ச் சுவர்ல இது பளிச்சுனு தெரிஞ்சிரும். ஒன்பது இஞ்ச் சுவர்ல ரெண்டு அடுக்கு இருக்கறதால வெளிச்சம் வராமலும் போகலாம், அங்க ஒரு மெல்லிசான கம்பிய ஜாயிண்ட்ல குத்திப் பாருங்க, எதுவும் தடுக்காம சரக்குனு உள்ள போச்சுன்னா காலி.

அடுத்தது ஜாயிண்ட்டோட கனம். 10 மில்லி இருக்கணும், கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா பரவாயில்ல. எங்க பின்பக்க சுவர்ல ஒரு இடத்துல 10, அதே வரில அந்தக் கடைசில 25. கலவை ஜாஸ்தி இருந்தா பலம்தானேன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, நேர் எதிர். பொதுவா கலவை செங்கல்ல விட மெதுவானது. மேல இருந்து எடை இறங்கும்போது அது பக்கவாட்டுல பிதுங்கப் பாக்கும், அப்போ மேலயும் கீழயும் ஒட்டிட்டு இருக்கற செங்கல்ல ரெண்டு பக்கமும் இழுக்கும், செங்கலுக்கு அமுக்கத்த தாங்கத் தெரியும் இழுப்பத் தாங்கத் தெரியாது, நெட்டுக்குத்தா பொளந்துரும். ஜாயிண்ட் எவ்வளவு கனமோ அவ்வளவு இந்த தொல்லை ஜாஸ்தி. அதோட கனமான கலவை காயும்போது சுருங்கறதும் ஜாஸ்தி. இத அளக்க டேப்ப ஒவ்வொரு ஜாயிண்ட்டா வைக்க வேணாம், பத்து வரிய மொத்தமா அளங்க. 9 சென்டிமீட்டர் உயர கல்லா இருந்தா பத்து வரி சேந்து 1 மீட்டர் வரணும். அதுவே 1 மீட்டர் 10 சென்டிமீட்டர் வந்துச்சுன்னா ஜாயிண்ட் எல்லாம் சராசரியா ரெண்டு மடங்கு கனம்.

கலவை விகிதத்துலயும் இதே மாதிரி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, சிமெண்ட் கூட போட்டா சுவர் கல்லு மாதிரி இருக்கும்னு. ஒன்பது இஞ்ச் சுவருக்கு ஒண்ணுக்கு ஆறு, அதாவது ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஆறு பங்கு மணல், நாலரை இஞ்சுக்கு ஒண்ணுக்கு நாலு, இதுதான் பொதுவா போடறது. ஒண்ணுக்கு மூணுன்னு போட்டா சுருக்கம் ஜாஸ்தியாகி விரிசல் விடும், கலவை செங்கல்ல விட கெட்டியா இருந்தா விரிசல் ஜாயிண்ட் வழியா போகாம கல்லையே பொளந்துட்டு போகும், அத சரி பண்றது ரொம்ப கஷ்டம். நான் சிமெண்ட் மூட்டைய எண்ணறத விட கலவை எப்படி கலக்கறாங்க, எப்போ கலக்கறாங்கங்கறதத்தான் கவனிப்பேன். தண்ணி ஊத்தின பிறகு அரை மணி நேரம், மிஞ்சிப் போனா ஒரு மணி நேரத்துக்குள்ள அத உபயோகிச்சு முடிச்சிரணும். மத்தியானம் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி கலந்தது அப்படியே கெடக்கும், வந்து பாத்தா இறுகிப் போய் கெடக்கும், மறுபடி தண்ணிய ஊத்தி மம்முட்டியால பெரட்டி எடுத்துட்டு போவாங்க. பாக்க புது கலவை மாதிரியேதான் இருக்கும். ஆனா சிமெண்ட் புடிக்க ஆரம்பிச்ச பிடிப்ப நாம ஒடைச்சிட்டோம், அது திரும்ப முழுசா வராது. அந்த நேரத்துல கட்டின நாலஞ்சு வரி மட்டும் பின்னாடி ஆணியால சுரண்டினா மணல் மணலா கொட்டும்.

மணலையும் சொல்லிர்றேன். கண்ணாடி பாட்டில்ல பாதி மணல் போட்டு தண்ணி ஊத்தி ஒரு சிட்டிகை உப்பு போட்டு நல்லா குலுக்கி வச்சிருங்க, சில மணி நேரத்துல மணல் அடில தங்கும், வண்டல் அதுமேல தனி அடுக்கா படியும். அந்த மேல் அடுக்கு மணல் உயரத்துல நூத்துக்கு எட்டு பங்குக்கு மேல போச்சுன்னா அந்த மணல சலிச்சு கழுவணும், இல்ல திருப்பி அனுப்பணும்.

இப்போ தண்ணி விஷயம், என்னை கேட்டா மோசமான சுவர்களுக்கு பாதி காரணம் இதுதான். காஞ்ச செங்கல் தண்ணிய உறிஞ்சற வேகம் நமக்கு தெரியறதில்ல, ஒரு கல்லு மேல ஒரு டம்ளர் தண்ணிய ஊத்தி பாருங்க, அப்படியே குடிச்சிரும். அந்த கல்ல நனைக்காம வச்சா கலவைல இருக்கற தண்ணிய அது உறிஞ்சிரும், சிமெண்ட் கெட்டியாகறதுக்கு தண்ணி வேணும், அது கெடைக்காம கலவை வெறும் பொடியா காஞ்சு நிக்கும். கல்லுக்கும் கலவைக்கும் ஒட்டே இருக்காது. தொட்டில ஊற வைக்கணும், முட்டை முட்டையா காத்து குமிழி வர்றது நிக்கற வரைக்கும். எங்க சைட்டுல அந்த டீம் என்ன பண்ணாங்கன்னா, அடுக்கி வச்ச கல்லு மேல ஹோஸ் பைப்ல ரெண்டு நிமிஷம் தண்ணி அடிச்சிட்டு நனைச்சாச்சுன்னு சொன்னாங்க, மேல இருக்கற கல்லு மட்டும் நனைஞ்சிருக்கும், நடுவுல இருக்கறது எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கும். இதுக்கு எதிர் பக்க தப்பும் உண்டு, ஊறினத எடுத்து தண்ணி சொட்ட சொட்ட வைக்கறது, அப்படி வச்சா கல்லு கலவை மேல வழுக்கிட்டு போகும், வரி நிக்காது. எடுத்து கொஞ்ச நேரம் வடிய விட்டு, மேல் ஈரம் போனதும் வைக்கணும்.

கட்டி முடிச்ச பிறகும் குறைஞ்சது 7 நாள் சுவர் ஈரமாவே இருக்கணும். ஒரு நாளைக்கு ஒரு தடவ நனைச்சா கணக்கு இல்ல, கடும் வெயில்ல ஒரு மணி நேரத்துல காஞ்சிரும். இந்த வேலைக்குன்னு ஒரு ஆள் பேர் சொல்லி ஒப்படைக்கலன்னா யாரும் செய்ய மாட்டாங்க, கொத்தனார் சித்தாள் செய்வாங்கன்னு நெனைப்பாரு, சித்தாள் வாட்ச்மேன் செய்வாருன்னு நெனைப்பாங்க.

தூக்கு பாக்கறத, அதாவது சுவர் சாயாம நேரா நிக்குதான்னு பாக்கறத, ஒவ்வொரு வீட்டுக்காரரும் கத்துக்கணும், அஞ்சு நிமிஷ வேலை. தூக்குக்குண்டு கயித்துல ஒரு மரக்கட்டை கோத்திருக்கும், கட்டையும் குண்டும் ஒரே அகலம். கட்டைய சுவரோட மேல் பக்கத்துல அழுத்தி புடிச்சிட்டு குண்ட கீழ தொங்க விட்டா, சுவர் நேரா இருந்தா குண்டு சுவர லேசா உரசிட்டு நிக்கும். நடுவுல இடைவெளி விழுந்தா சுவர் மேல போகப் போக நம்ம பக்கம் சாயுது, குண்டு சுவர்ல சாஞ்சு படுத்தா கீழ் பக்கம் வெளிய தள்ளிட்டு நிக்குது. 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லி வரைக்கும் பொறுத்துக்கலாம். எங்க பின்பக்க சுவர் ஒண்ணுல ரெண்டு விரல் உள்ள போச்சு. ரெண்டு விரல்னா 30 மில்லிக்கு மேல. அத பூச்சுல நேராக்கணும்னா ஒரு கடைசில 12, இன்னொரு கடைசில 45 மில்லி பூசணும், அவ்வளவு கனமான பூச்சு ஒரே தடவைல நிக்காது, அடுக்கடுக்கா போடணும், காயும்போது சுருங்கி விரிசல் விடும், எடை தாங்காம கொஞ்ச வருஷத்துல சுவர விட்டு தனியா பிரியும், தட்டிப் பாத்தா டொக்கு டொக்குனு சத்தம் வரும். நாம செலவு பண்ற சிமெண்ட்டும் மணலும் தனி.

சுவர் இப்படி வளைஞ்சு போறதுக்கு முக்கிய காரணம் ஒரே நாள்ல ஏத்தற உயரம். ஒரு நாளைக்கு 1.5 மீட்டருக்கு மேல கட்டக் கூடாது, கீழ் வரி கலவை இன்னும் பச்சையா இருக்கும்போது மேல எடை ஏறிட்டே போனா அது பிதுங்கும், சுவர் வயிறு தள்ளும். காலைல ஆரம்பிச்சு சாயங்காலத்துக்குள்ள லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னலுக்கு மேல வர்ற பீம் உயரத்துக்கு, போயிட்டாங்கன்னா சந்தோஷப்படாதீங்க. அதே மாதிரி ஒரு சுவர மட்டும் உச்சி வரைக்கும் ஏத்திட்டு அடுத்தத கீழ இருந்து ஆரம்பிக்கறதும் வேணாம், எல்லாம் ஒண்ணா ஏறணும், நிறுத்த வேண்டி வந்தா ஓரத்த படிப்படியா விட்டு நிறுத்தணும், அப்போதான் நாளைக்கு கட்டறது இன்னைக்கு கட்டினதோட பூட்டிக்கும்.

பாண்ட், அதாவது கல்லு ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கற மாதிரி அடுக்கற முறை, அத பத்தி சுருக்கமா. ஒரு வரில இருக்கற நிக்கற ஜாயிண்ட்டுக்கு நேர் மேல அடுத்த வரி ஜாயிண்ட் வரக் கூடாது, குறைஞ்சது கல்லு நீளத்துல கால்வாசியாவது தள்ளி வரணும். மூணு நாலு வரி தொடர்ந்து நேரா வந்துச்சுன்னா அங்க சுவர் ரெண்டு துண்டா நிக்குதுன்னு அர்த்தம், விரிசல் விழுந்தா அந்த கோட்டுலதான் விழும். ஒடைஞ்ச துண்டு கல்லு நெறைய உபயோகிக்கற எடத்துல இது கட்டாயம் இருக்கும், அதனால துண்டு ஜாஸ்தி தெரிஞ்சா அங்க நின்னு பாருங்க.

இதெல்லாம் பாத்த பிறகு நாங்க என்ன பண்ணோம்ங்கறதுதான் முக்கியம். மொதல்ல வேலைய நிறுத்தினோம், முழு வேலையையும் இல்ல, அந்த ரூம்ல மட்டும், பூச்சு தொடக்கூடாதுன்னு சொல்லிட்டோம். கொத்தனார்கிட்ட சண்டை போடல. சாரத்து மேல நிக்கற மனுஷன கீழ நின்னு திட்டி ஒண்ணும் ஆகப் போறதில்ல, அவருக்கு ரேட் பேசினது காண்ட்ராக்டர், தண்ணித் தொட்டி கட்டித் தராதது காண்ட்ராக்டர், மேற்பார்வைக்கு ஆள் அனுப்பாதது காண்ட்ராக்டர். கை வேலை தெரியாத கொத்தனார் உண்டுதான், ஆனா நான் பாத்த வரைக்கும் அதே ஆள் நூல் கட்டி, ஊறின கல்லு கொடுத்து, பக்கத்துல ஒருத்தர் நின்னா நல்லாவே கட்டறாரு.

எல்லாத்தையும் போட்டோ எடுத்தோம், வெறும் சுவர் போட்டோ இல்ல, டேப் சுவர்ல வச்சு நம்பர் தெரியற மாதிரி. தூக்குக்குண்டு தொங்கும்போது கீழ இருக்கற இடைவெளில ஸ்கேல் வச்சு ஒண்ணு. சாக்பீஸ் வட்டம் போட்ட சுவர் முழுசா ஒண்ணு. அத காண்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, எந்த சுவர், எந்த எடம், என்ன குறைன்னு ஒண்ணொண்ணா எழுதி, நேர்ல வாங்கன்னு கூப்பிட்டோம். போன்ல பேசறது காத்துல போயிரும், எழுத்துல இருந்தா நாளைக்கு நான் அப்படி சொல்லவே இல்லையேன்னு யாரும் சொல்ல முடியாது.

அவரு வந்தாரு, மொதல்ல கோவப்பட்டாரு, "இத்தன வருஷமா வேலை பாக்கறேன் மேடம், எங்கிட்ட யாரும் இப்படி சொன்னதில்ல"ன்னாரு. நான் தூக்குக்குண்ட அவர் கைல கொடுத்தேன், நீங்களே பாத்து சொல்லுங்கண்ணேன்னு. அவர் அளந்து பாத்த பிறகு பேச்சு மாறிருச்சு. அளவுக்கு இருக்கற மரியாதை நம்ம கோவத்துக்கு கெடையாது. ஆனாலும் இடிக்கறதுக்கு சம்மதிக்கல, கம்பி வலை அடிச்சு கனமா பூசிரலாம்னாரு. அங்கதான் வெளிய இருந்து ஒரு இன்ஜினியர கூட்டிட்டு வந்தோம், நாங்க ஃபீஸ் கொடுத்து, காண்ட்ராக்டருக்கு சம்பந்தமே இல்லாதவரா. அவரு சுவர் சுவரா பாத்து எது இடிக்கணும், எது பழுது பாத்தா போதும்னு எழுதிக் கொடுத்தாரு.

அவர் பிரிச்ச விதம் எல்லாருக்கும் உதவும்னு நெனைக்கறேன். ஜாயிண்ட் காலியா இருக்கு ஆனா சுவர் நேரா இருக்கு, கலவை கெட்டியா இருக்குன்னா இடிக்க வேணாம். ஜாயிண்ட்ட 15லிருந்து 20 மில்லி ஆழத்துக்கு சுரண்டி, தூசிய பிரஷ்ல தட்டி, நனைச்சு, ரெண்டு பக்கத்துல இருந்தும் கலவைய குத்திக் குத்தி அடைக்கணும். அவசரமா மேலாப்புல தேச்சு விடறது கூடாது. ஒடைஞ்ச கல்லு, வேகாத கல்லு அங்கங்க இருந்தா அந்த ஒரு கல்ல மட்டும் பேத்து எடுத்து வேற கல்லு வைக்கலாம். சாய்ஞ்ச சுவர், வயிறு தள்ளின சுவர், ஆணிய வச்சா ஜாயிண்ட் எல்லாம் மணலா கொட்டற சுவர், இதுங்களுக்கு வைத்தியம் கெடையாது, இறக்கிட்டு திரும்ப கட்டணும். பில்லர் பீம் போட்ட வீட்டுல செங்கல் சுவர் மேல் தளத்த தாங்கறதில்ல, அதனால என்னன்னு கேப்பாங்க. தளத்த தாங்கலன்னாலும் அது தன் எடைய தானே தாங்கணும், மழைய தடுக்கணும், நிலம் ஆடினா நம்ம மேல விழாம நிக்கணும். பில்லர் இல்லாம சுவர் மேலயே தளம் போடற வீடா இருந்தா பேச்சே இல்ல, இன்ஜினியர் பாக்காம ஒரு வரி கூட மேல போகக் கூடாது.

இடிக்கறதுன்னு முடிவு பண்ணா சீக்கிரம் இடிக்கணும். நேத்து கட்டினத இன்னைக்கு எடுத்தா கல்லு முழுசா வந்துரும், கலவைய தட்டிட்டு மறுபடி உபயோகிக்கலாம். மாசம் கழிச்சு இடிச்சா கல்லும் ஒடையும், பக்கத்து சுவரும் அதிரும். நாங்க ஒரு சுவர முழுசாவும் இன்னொண்ண ஜன்னலோட அடி மட்டம் வரைக்கும் இறக்கினோம், மத்தது ஜாயிண்ட் அடைச்சு சரி பண்ணது. செலவு யாருதுன்னு பேச்சு வந்தப்போ எங்களுக்கு கை கொடுத்தது பணம் கொடுக்கற முறைதான், கட்டுவேலை முடிஞ்சு நாங்க பாத்து ஒத்துக்கிட்ட பிறகுதான் அந்த கட்டத்து பணம்னு ஒப்பந்தத்துல எழுதியிருந்தோம். முன்கூட்டியே கொடுத்திருந்தா இத்தனை போட்டோவும் வீணாப் போயிருக்கும். திரும்ப கட்டும்போது இன்ஜினியர் சொன்ன யோசனை ஒண்ணு ரொம்ப பிடிச்சது, மொதல் ஒரு மீட்டர் உயரத்த கட்டி நிறுத்தி, எல்லாரும் சேந்து பாத்து, இதுதான் மாதிரி சுவர், மீதி எல்லாம் இப்படித்தான் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டு மேல போனது. அப்புறம் வாக்குவாதமே வரல.

லோடு வந்து இறங்கும்போதே கல்ல பாக்கறதும் இதோட சேர்ந்ததுதான், கல்லு சரியில்லன்னா எவ்வளவு நல்லா கட்டினாலும் பிரயோஜனம் இல்ல. ரெண்டு கல்ல எடுத்து மோதிப் பாருங்க, கணீர்னு சத்தம் வரணும், மந்தமா வந்தா வேகல. நகத்தால கீறினா கோடு விழக் கூடாது. ஒரு மீட்டர் உயரத்துல இருந்து தரைல போட்டா ஒடையக் கூடாது. நல்லா காஞ்ச கல்ல எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணில போட்டு, துடைச்சிட்டு மறுபடி எடை போடுங்க, கூடினது நூத்துக்கு இருபதுக்கு மேல போகக் கூடாது, அதாவது 3 கிலோ கல்லு 3.6 கிலோவ தாண்டக் கூடாது. அந்த தண்ணில ஊறின கல்லயே ரெண்டு மூணு நாள் அப்படியே விட்டு கவனிங்க, உள்ள சுண்ணாம்புக் கட்டி இருந்தா தண்ணி பட்டு உப்பி கல்லு பொளந்துரும், இல்ல வெள்ளைப் பொட்டா பேந்து வரும். அந்த மாதிரி கல்லுல கட்டினா பூச்சு மேலயும் காசு அகலத்துக்கு பேந்து பேந்து விழும். காய வச்ச பிறகு மேல வெள்ளையா உப்பு பூத்துச்சுன்னா, லேசா இருந்தா பரவாயில்ல, பாதி கல்லுக்கு மேல படர்ந்தா அந்த லோட வாங்காதீங்க. ஒரே ஒரு கல்ல மட்டும் சோதிக்காம லோடுல அங்கங்க இருந்து எடுங்க, மேல நல்ல கல்ல அடுக்கி அடில வேகாதத போட்டு அனுப்பறது சூளைக்காரங்க சில பேருக்கு பழக்கம்.

சுவர் சரியாயிட்டதும் உடனே பூச்சுக்கு குதிக்க வேணாம், இன்னும் மூணு எடம் பாக்கணும். ஒண்ணு, பீமுக்கு அடில வர்ற கடைசி வரி. சுவர் காயக் காய கொஞ்சம் கீழ இறங்கும், அதனால மேல் இடைவெளிய விட்டு வச்சு ஒரு வாரமாவது கழிச்சு இறுக்கமா அடைக்கணும், அன்னைக்கே அடைச்சா பீமோட அடிப்பக்கம் நீளமா ஒரு விரிசல் வரும். அடுத்து பில்லரும் செங்கலும் சேர்ற கோடு, ரெண்டும் வேற வேற பொருள், வெயிலுக்கு வேற வேற அளவுல விரியும், அங்க ரெண்டு பக்கமும் படற மாதிரி கோழிவலை அடிச்சிட்டுதான் பூசணும். மூணாவது எலெக்ட்ரீஷியன். நல்லா கட்டின சுவர மெஷின வச்சு இஷ்டத்துக்கு வெட்டிருவாங்க. மேல இருந்து கீழ போற வெட்டு சுவர் கனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஆழம் போகக் கூடாது, படுக்கையா போறது ஆறுல ஒரு பங்கு. நாலரை இஞ்ச் சுவர்ல படுக்கையா வெட்டவே விடாதீங்க, நேரா மேலயோ கீழயோ எடுத்துட்டு போகச் சொல்லுங்க. சாரத்துக்கு விட்ட ஓட்டைங்களையும் துண்டு கல்லு, கலவை வச்சு முழு ஆழத்துக்கு அடைச்சாங்களான்னு பாருங்க, பேப்பர் சாக்கு திணிச்சு மேல பூசினத நானே பாத்திருக்கேன், வெளிச் சுவர்ல அந்த ஓட்டை வழியாதான் மொதல் ஈரம் உள்ள வரும்.

பூச்சு ஆரம்பிக்கற அன்னைக்கு காலைல சுவர நனைச்சாங்களா, ஜாயிண்ட்ட 10 மில்லியாவது சுரண்டி விட்டிருக்காங்களான்னு பாத்துட்டு, அப்புறம் கலவை கலக்கச் சொல்லுங்க.